எல்லாருக்குமாக ஒரு வரி

போன சனிக்கிழமை செல்வமணி அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதம் பிந்தி.

வட்டக்கச்சியில் எங்கள் சபையின் வீட்டுக்கூட்டம் ஒன்றுக்கு நான் தலைவர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள்! செவ்வாய் பின்னேரம் யாராவது ஒருவர் வீட்டில் பதினைந்து பேர் கூடுவோம். பாட்டு, வேத வாசிப்பு, கடைசியில் ஜெபக் குறிப்புகள். அந்தக் குறிப்புகளை எழுதிய கொப்பி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் தலைவர். அவ்வளவுதான்.

அந்தக் கொப்பியில் ஒரு பக்கம் மட்டும் மாறுவதே இல்லை. போரின் கடைசிக் கிழமைகளில் காணாமல் போன நான்கு பேரின் பெயர்கள். மூன்றாவது பெயர் யோகராசா... செல்வமணி அக்காவின் கணவர். அந்தப் பெயரை வாசித்ததும் அக்காவின் "ஆமென்" தனியாக, உரத்துக் கேட்கும். எனக்கு முன்பிருந்த தலைவர் காலத்திலும் அப்படித்தான்.

இந்த வருடம் எங்களுக்குத் தலைவர் பயிற்சி நடந்தது. புரொஜெக்டர், மத்தியானம் கோழிப் புரியாணி, எல்லாம் உண்டு. கூட்டம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, ஜெபக் குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். திறமான தலைவர் என்று பெயரெடுக்க யாருக்குத்தான் ஆசையில்லை? வீட்டுக்கு வந்த கையோடு குறிப்புகளை ஃபோனில் புதிதாக டைப் செய்தேன். நான்கு பெயர்களும் ஒரே வரியாகின — "காணாமல் போன எல்லாருக்காகவும்."

அந்தச் செவ்வாய் ஐம்பது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த உரத்த ஆமென் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவே இல்லை.

அடுத்த செவ்வாய் அக்கா வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மூன்று கிழமை வராதவரைத் தலைவர் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. நான் வயல் வேலையைச் சாட்டிவிட்டு, வாட்ஸ்அப்பில் கும்பிடும் கைகளை அனுப்பினேன். இரண்டு தரம்!

சனிக்கிழமை போனபோது அக்கா கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணீர் தந்தார். கோபம் எதுவும் இல்லை.

"சுகமில்லையோ அக்கா? கூட்டத்துக்குக் காணேல்லை."

"சுகத்துக்கென்ன தம்பி. கச்சேரிக்கு, அரசாங்க அலுவலா அலைஞ்சு திரிஞ்சனான்."

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு தாளை நீட்டினார். மரணச் சான்றிதழ். யோகராசா அண்ணனின் பெயர் அதில் இருந்தது.

"ஏன் அக்கா... இவ்வளவு காலத்துக்குப் பிறகு?"

"காணி அவரின்ரை பேரிலைதானே. மாத்தித் தாங்கோ எண்டு மகள் எத்தினை வருசமாக் கேக்கிறாள். இந்தத் துண்டு இல்லாமல் ஏலாதாம். நான்தான் கையெழுத்து வைக்க மாட்டனெண்டு நிண்டனான். கூட்டத்திலை ஒவ்வொரு செவ்வாயும் அவரின்ரை பேரை வாசிக்கேக்கை, ஆள் எங்கையோ இருக்கிறார் எண்டு மனம் சொல்லும். அண்டைக்கு நீங்கள் வாசிக்கேல்லை. சரி, தலைவருக்கே தெரிஞ்சு போச்சு, இனி நான் என்னத்துக்குப் பிடிவாதம் பிடிக்கிறன் எண்டு போய் வைச்சிட்டன்."

"ஐயோ அக்கா, அவருக்கும் சேர்த்துத்தான் ஜெபிச்சனாங்கள். எல்லாருக்காகவும் எண்டு..."

"எல்லாரும் எண்டால் ஆர் தம்பி?"

வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஒரு மனுசி இத்தனை வருடம் தன் புருசனைச் சாகவிடாமல் வைத்திருந்தார். நான் பத்து நிமிடம் மிச்சம் பிடித்தேன்.

"வாற செவ்வாய் வாங்கோ அக்கா. அண்ணையின்ரை பேரை நானே வாசிக்கிறன்" என்றேன்.

அக்கா சான்றிதழைத் திரும்ப உறைக்குள் வைத்தார். "அதெப்பிடித் தம்பி? எங்கடை சபையிலை செத்தவைக்கு ஜெபிக்கிறேல்லைத்தானே?"

அதைக் கூட்டத்தில் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.