என் பல்லைப் பிடுங்கச் சொன்ன நாத்தனார்

என் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாம் என்று முடிவு செய்தது பல் டாக்டர் இல்லை, என் நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடும் அவர், வில்லியனூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். கரியமாணிக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலும் அவர் சொல்தான் செல்லும்.

உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்து அடைக்கும் ரூட் கெனால் செய்தால் பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் டாக்டர் சொன்னார்.

"வாணாம்டா. கண்ணுக்குப் போற நரம்பு அறுந்துடும்," என்றார் அண்ணி, தன் தம்பியிடம். அவர்தான் என் கணவர். "புடுங்கிப் போடு. ஒரே நாள்ல முடிஞ்சுது."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. மறுநாள் பல் போயிற்று.

பிறகு ஒரு விருந்தில், மெல்ல முடியாமல் கறியை இலையோரம் ஒதுக்கினேன். "இன்னாடி, கெழவி மாதிரி துப்புற?" என்று அண்ணி பந்தியே கேட்கச் சிரித்தார். அதை நான் மறக்கவில்லை.

போன வருஷம் அறுவடை சமயத்தில் அவருக்கே பல்வலி வந்தது. கன்னம் வீங்கி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தனியா போவ பயமா கீதுடி. கூட வா."

அவர் பல்லும் போவதைப் பார்க்கும் ஆசையோடுதான் போனேன். டாக்டர் இளம்பெண். பார்த்துவிட்டு, ரூட் கெனால் போதும் என்றார். அறைக்கதவு திறந்திருந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அவர் கடைக்கு வருகிறவர்கள்.

"கண்ணு போயிடுமான்னு கேளுங்க அண்ணி," என்றேன், அவர்களுக்கும் கேட்கும்படி.

டாக்டர் சிரித்தார். "யாரும்மா இப்படிச் சொன்னது? பல்லு நரம்புக்கும் பார்வைக்கும் சம்பந்தமே இல்ல. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வேன், பயப்படாதீங்க."

"இவங்கதான் சொன்னாங்க. அதனாலதான் என் பல்லு போச்சு."

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மனசு குளிர்ந்தது.

ஆனால் அவர் பல் பிழைத்துவிட்டது. அதற்கு மேல் தொப்பி மாதிரி ஓர் உறையும் போட்டார்கள். சில மாதம் கழித்துப் பாகூரில் ஒரு வளைகாப்பு. அங்கே முறுக்கைக் கடித்துக்கொண்டே பெண்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். "பல்ல மட்டும் புடுங்கிடாதீங்க. நான் எல்லாருக்கும் ரூட் கெனால்தான் பண்ணிக்கச் சொல்லுவேன்."

தட்டைக் கீழே வைத்தேன். "எனக்கு இன்னா சொன்னீங்க அண்ணி?"

கூட வந்திருந்த என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை.

"அதெல்லாம் இப்ப எதுக்குடி?"

"இப்பதான் வேணும். சொல்லுங்க."

அண்ணி எழுந்து போய்விட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. "நீயே ஒரு போன் பண்ணேன், பெரியவங்கதானே," என்கிறார் கணவர். நான் பண்ணப்போவதில்லை.