சட்டம் போட்ட நியாயம்

காடாம்புலியூர்ப் பக்கம் நான் வளர்ந்த மாமா வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்கு நடுவே ஒரு மனு தொங்கும். முப்பாட்டனார் கலெக்டருக்குப் போட்ட மனுவின் நகல். கண்ணாடி, மரச்சட்டம், ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம். புள்ளியில்லாத கூட்டெழுத்து என்பதால் வீட்டில் ஒருவருக்கும் படிக்க வராது. 'நியாயம்' என்ற ஒரு சொல் மட்டும் எழுத்துக்கூட்டினால் பிடிபடும். அது போதாதா? வெள்ளைக்காரனிடமே நியாயம் கேட்ட பரம்பரை என்று மாமா வந்தவர் போனவரிடமெல்லாம் அளப்பார்.

சிதம்பரத்தில் எம்.ஏ. வரலாறு படித்தபோது பழைய கையெழுத்து வாசிக்கப் பழகினேன். லீவுக்கு வந்தபோது அதைப் படித்தேன். சேரிக்காரர்கள் நம் முந்திரித் தோப்பு வழியாகப் பிணம் தூக்கிப் போகிறார்கள், அதைத் தடுத்து நியாயம் வழங்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. படித்துவிட்டு என்ன செய்தேன்? கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் மாட்டினேன். நானும் அந்த வீட்டுச் சோறு தின்றவன்தானே.

அந்தக் கலெக்டர் கண்டுகொள்ளவில்லை போலும், வழி அப்படியே இருந்தது. போன ஐப்பசியில் மாமா அதைக் கம்பி வேலி போட்டு அடைத்தார். அந்த மழையில் காலனியில் ஒருவர் இறந்துபோக, முழங்கால் சேற்றில் ஏரியைச் சுற்றித் தூக்கிப் போனார்கள். அவர் மனைவி கடலூருக்குப் போய் மனுக் கொடுத்தார். பிறகு என்னிடமும் வந்தார்.

"வழி இருந்ததுக்குப் பழைய காயிதம் கேக்குறாங்க. நீங்க அதெல்லாம் படிப்பீங்களாமே?"

"பாக்குறேன்" என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? தினமும் அந்தப் பழைய மனுவின் அடியில் உட்கார்ந்துதான் இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

விசாரணையன்று மாமா அந்தப் படத்தையே கழற்றி, துண்டில் சுற்றி, கடலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார். துணைக்கு நான்.

"மாமா, அதுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"நியாயம்னு போட்டிருக்குல்ல. வேற என்னடா வேணும்?"

இந்த அகம்பாவத்துக்கு மருந்தே கிடையாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதிகாரி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "யாருக்காவது படிக்க வருமா?" என்று கேட்டார்.

"எங்க மாப்ள படிப்பான் சார், எம்.ஏ. நல்லா சத்தமாப் படிடா" என்றார் மாமா.

ஒரு வரியை விழுங்கினால் போதும், யாருக்கும் தெரியாது. எதிரே நின்ற அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. என்னை நம்புவதை எப்போதோ விட்டிருந்தார். அதுதான் சுருக்கென்றது. படித்தேன். இவர்கள் அனாதி காலமாய் இவ்வழியே பிணம் கொண்டுபோகிறார்கள் என்று முப்பாட்டனாரே எழுதிவைத்த வரியையும் சேர்த்து, மாமா கேட்டபடி சத்தமாக.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார். மாமா என் முழங்கையை இடித்தார்.

"அனாதின்னா என்னடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சொன்னார்.

"நாங்க நேத்து வந்தவுங்க இல்லன்னு அர்த்தங்க."