பிடுங்கிய ஆறு கொடிகள்

அந்தச் செடியை அழித்தவன் நான்தான். ஆவடியைத் தாண்டிய செம்மண் காட்டில் மிஞ்சியிருந்த ஆறு கொடிகளையும் ஒரே காலையில் கிழங்கோடு பிடுங்கினேன். ஆய்வுக்கு ஒன்று போதும் என்று தெரிந்தேதான் செய்தேன்.

எண்பதுகளின் கடைசி. கல்லூரியில் தாவரவியல் ஆசிரியனாக இருந்தேன். காட்டில் அப்போதே மனைக்கற்கள் நடத் தொடங்கியிருந்தார்கள். முட்புதர் ஒன்றில் நூல் போன்ற கொடி சுற்றியிருந்தது. அதில் விரல் நீளப் பூ; இதழ் நுனிகள் மேலே கூடிச் சிறு கூண்டாக மூடியிருந்தன. பிளேடால் நீளவாக்கில் கீறி லென்ஸில் பார்த்தேன். குழல் முழுக்கக் கீழ்நோக்கிய மயிர்கள். அடியில் சிக்கிய இரண்டு ஈக்கள் உயிரோடு துடித்தன. எருக்கின் குடும்பம். தாவரவியல் நூலில் சொன்ன ஒவ்வொரு அளவும் பொருந்தியது. இந்தப் பக்கம் பல காலமாக யார் கண்ணிலும் படாத பூ.

ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி வந்து நின்றாள்.

"இன்னா சார், பூவுக்குப் போயி ஆப்ரேசன் பண்ணிகினு கீற?"

"அபூர்வமான செடிம்மா இது."

"அபூர்வமாவா? பசங்க பச்சையா துன்ற கெயங்கு சார் அது. மின்ன காடு பூரா இருந்துச்சு. இப்போ இந்த ஆறுதான் கீது. பசங்களையே நான் கிட்ட உடறதில்ல. பூவ மட்டும் எத்துகினு போ."

தலையாட்டினேன். ஆடுகளோடு அவள் மறைந்ததும் தோண்டினேன். என்னுடன் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் மறுவாரம் அங்கே வரவிருந்தார். அவர் கையில் ஒன்றுகூடக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

நான்கைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தினேன். 'மிக அரிதாகக் காணப்படுகிறது' என்று, இடத்தையும் குறித்து, ஓர் ஆய்விதழில் எழுதினேன். அச்சேறும்போது அங்கே ஒன்றுமே இல்லை. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. படித்துவிட்டு இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

மீதி இரண்டு கிழங்குகள் கொரட்டூர் வீட்டில், தொட்டியில் உயிரோடு இருந்தன. அடுத்த மழைக்காலத்தில் அவற்றைப் பழைய இடத்திலேயே நட்டு, அந்தப் பெண்ணைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்குத் தலைய ஆட்டுனியே சார்" என்றாள். முள் வெட்டி வந்து தானே சுற்றிலும் அடைத்தாள்.

இரண்டும் துளிர்த்தன. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். தை மாதம் போனபோது முள் விலகிக் கிடந்தது. உள்ளே இரண்டு குழிகள்.

அவளே ஓடிவந்தாள், சிரித்த முகத்தோடு.

"உன் ஆளுங்க வந்தாங்க சார், ரெண்டு பேரு. நீ எய்துன பேப்பர காட்னாங்க. சார் அனுப்பிச்ச ஆளுங்களாச்சேன்னு நான்தான் முள்ள எட்த்து உட்டேன். அந்த ரெண்டு கெயங்கையும் எப்போ சார் திரும்ப நடப் போற?"