காலை ஆறு மணி நோயாளி

எனக்கு இருக்கும் முடக்குவாதம் அரசாங்க நேரத்தை மதிப்பதில்லை. விடிகாலையில் வேலைக்கு வந்து, ஒன்பது மணி வாக்கில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். போர்ட் பிளேரில் ஐந்து மணிக்கெல்லாம் நன்றாக வெளிச்சம் வந்துவிடுகிறது. கடிகாரம் மட்டும் மெயின்லேண்டுக்காரர்களுடையது. அதனால் இங்கே ஆபீஸ்கள் திறப்பதற்குள் பாதி நாள் முடிந்துவிடும், என் நோயும் அன்றைய பாட்டை முடித்துக்கொள்ளும்.

அந்த ஆறு மணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விரல்கள் மடங்காது, மடங்கியது நிமிராது. பிரஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துத்தான் பல் தேய்ப்பேன். ப்ளவுஸுக்கு ஹூக் மாட்டிவிடுவது என் வீட்டுக்காரர். மளிகைக் கடை வைத்திருப்பவர். கால் கிலோ கடுகைக் கண் மூடித் திறப்பதற்குள் பொட்டலம் மடிக்கத் தெரிந்த மனிதருக்கு, பதினொரு வருஷமாகியும் ஹூக்கை வரிசையாக மாட்ட வரவில்லை. மேலே ஒன்று மிஞ்சும், கீழே ஒன்று பல்லை இளிக்கும். நான் திட்டுவேன், அவர் கழற்றித் திரும்ப மாட்டுவார். எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் தொடங்குகிறது.

பத்து மணிக்கு என்னைப் பார்க்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறேன். பத்து மணிக்கு பீரோவைத் திறப்பேன், பைல் எடுப்பேன், கையெழுத்துக்கு வந்தவர்களைப் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்வேன். சார் இன்றைக்கு வருவாரா என்று கேட்டால் முகத்தை நிமிர்த்தாமலே நாளைக்கு வரச் சொல்வேன். காக்க வைப்பதில் நான் கைதேர்ந்தவள். பெருமையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

போன வருஷம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கேம்பெல் பே. இங்கே அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு முறை வைத்துத் தூரத் தீவுகளுக்கு மாற்றல் வரும். என் முறை வந்தது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கேம்பெல் பேக்குக் கப்பலில் இரண்டு நாள் ஆகும். மாதா மாதம் என் ரத்தத்தைச் சோதித்து மருந்தைக் கூட்டிக் குறைக்கிற டாக்டர் இங்கே இருக்கிறார். வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வர முடியாது. அங்கே காலை ஆறு மணிக்கு எனக்கு யார் ஹூக் மாட்டுவது? பிரின்சிபாலிடம் இந்தக் கேள்வியை இப்படியே கேட்க முடியுமா? 'உடல்நலக் காரணங்களை முன்னிட்டு' என்று எழுதிக் கொடுத்தேன்.

மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் இருந்தால் இந்த மாற்றலிலிருந்து விலக்குக் கேட்கலாம். அதற்கு மெடிக்கல் போர்டு நாற்பது சதவீதம் போட வேண்டும். முப்பத்தொன்பது போட்டாலும் நான் கப்பல் ஏற வேண்டியதுதான்.

முதல் தடவை போர்டுக்குப் போன கதையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. நாலரைக்கு எழுந்து, சமைத்து, ஹூக் சண்டை முடித்து, மரைன் ஹில் இறக்கத்தில் இறங்கி நடந்தே போனேன். நடந்ததில் முழங்காலுக்கு நன்றாக எண்ணெய் போட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அட்டெண்டர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அவர் மகளின் டி.சி.யை ஒரே நாளில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என் வாழ்நாளில் நான் வேகமாகச் செய்த சில காரியங்களில் அது ஒன்று. அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. முப்பது பேர் வரிசையில் இருக்க, மேடம் முதலில் போகட்டும் என்று கதவைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டார்.

டாக்டர் கையை மடக்கச் சொன்னார், மடக்கினேன். உட்காரச் சொன்னார், எழச் சொன்னார், அதையும் செய்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, வளர்ப்பு அப்படி, "டீக் ஹூ சார்", நன்றாக இருக்கிறேன் என்று பல் தெரியச் சொன்னேன். முப்பது சதவீதம். வெளியே வந்ததும் அட்டெண்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, முப்பதுதானா, அப்படியென்றால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல வேளை, கை வலித்தது.

அப்பீல் போட்டேன். முடிவு வரும்வரை என்னை ரிலீவ் செய்யாமல் வைத்திருப்பதாக பிரின்சிபால் சொன்னார். வீட்டுக்காரர் இதைத் தன் கடை விவகாரமாகவே எடுத்துக்கொண்டார். சாயங்காலம் நொண்டிப் பழகு என்றார். ஹாலில் ஜன்னலிலிருந்து வாசல் வரை நொண்டினேன். திரும்பி வரும்போது கால் மாறிவிட்டது என்று அவர் கண்டுபிடித்தார். எந்தக் கால் என்று எனக்கே மறந்துபோனது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அப்புறம் நான் எழுந்திருக்கக் கால் மணி நேரமானது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைத்தது பாராடாங் தீவுக்குப் போன அன்று. கூட வேலை பார்க்கிறவளின் புது வீட்டுக்கு நாலைந்து பேர் பஸ்ஸில் கிளம்பினோம். பழங்குடிகள் வாழும் காட்டு ரோட்டில் வண்டிகளைச் சேர்த்து வைத்து நேரம் பார்த்துத்தான் விடுவார்கள். அன்றைக்கு ஏதோ தாமதம், பஸ்ஸுக்குள்ளேயே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். படகுத் துறையில் இறங்கலாம் என்றபோது மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. என் இடுப்பு வரவில்லை, முழங்கால் வரவில்லை, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த கை கம்பியை விட மாட்டேன் என்றது. இரண்டு பேர் சேர்ந்து என்னை இறக்கினார்கள். எல்லோரும் பதறினார்கள். நான் மட்டும் வலியோடு வலியாக உள்ளுக்குள் குதித்தேன். பதினோரு மணிக்கு எனக்குக் காலை ஆறு மணி வந்துவிட்டது. உட்கார்ந்தால் இறுகும் என்று பதினொரு வருஷமாகத் தெரியும், அதனால்தான் ஆபீஸிலும் வீட்டிலும் சும்மா இருக்காமல் நடந்துகொண்டே இருப்பேன். அதை ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்றுதான் தோன்றியதில்லை.

அப்பீல் நாளன்று வீட்டுக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தால் கையைப் பிடித்து நீவிவிட்டே என் திட்டத்தைக் கெடுத்துவிடுவார். ஆட்டோவில் போய் ஒன்பது மணிக்கு இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தேன். டோக்கன் நாலு. என் கெட்ட நேரம், நல்ல நம்பர்.

பக்கத்தில் என் வயசு பெங்காலிப் பெண் ஒருத்தி. பெரார்கஞ்சிலிருந்து விடியும் முன்பே பஸ் ஏறி வந்திருந்தாள். மூன்று வயசில் போலியோ வந்த கால். பழைய சர்டிபிகேட்டைக் கொடுத்துப் புது கார்டு வாங்க வந்திருந்தாள். காய்கறி விற்கிறவள், குரல் அதற்கேற்ற குரல். அவளிடம் இருந்தது பதினாறு. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும் தீதி என்று, அக்கா முறை வைத்து, வாங்கிக்கொண்டாள்.

பதினாறு நெருங்கியபோது அதைக் குழந்தையோடு வந்த ஒருவருக்குக் கொடுத்து இருபத்துமூன்றை வாங்கினேன். இருபத்துமூன்றைக் கொடுத்து முப்பத்தொன்று. ஒருத்தர் என்னைக் கும்பிட்டார். ஒரு அம்மா வாழைப்பழம் கொடுத்தாள், உரிக்க வரவில்லை, அவளே உரித்தும் கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷமாக நான் காக்க வைத்தவர்கள் யாராவது அன்றைக்கு என்னைப் பார்த்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்கள்.

பயமெல்லாம் அட்டெண்டரிடம்தான். அவர் வரும்போதெல்லாம் முந்தானையை இழுத்துக் குனிந்துகொண்டேன். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். யாருக்காகவோ துணைக்கு வந்திருப்பதாகப் புளுகினேன். யாருக்கு என்று சொல்லுங்கள், அவர்களை முதலில் அனுப்புகிறேன் என்று கிளம்பினார். இன்னும் வரவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெங்காலிக்காரிக்கு வேலை முடிந்தும் அவள் போகவில்லை. உனக்கு முடியும்வரை இருப்பேன் என்று சம்மணம் போடாத குறையாக என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டு, கொஞ்சம் நட, இப்படி உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு வைத்தியமும் சொன்னாள். சரி சரி என்று தலையாட்டினேன். தலை ஆடுவதும் மெல்ல நின்றுபோனது.

முப்பத்தொன்றைக் கூப்பிட்டபோது மணி ஒன்று. உள்ளே போனதும் லேசாக முனகலாம் என்று ஒரு முனகல் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு வேலையே இல்லை. பெஞ்சிலிருந்து அவள்தான் என்னைத் தூக்கினாள். கதவு நிலையைப் பிடித்து, மேஜை விளிம்பைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா புதுசு. கையை மடக்கச் சொன்னார். நான் மடக்கினேன், கை கேட்கவில்லை.

எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்பதிலிருந்து என்றேன். இந்த நோய்க்காரரை நாலு மணி நேரம் உட்கார வைப்பீர்களா என்று அட்டெண்டரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார். பாவம், அவர் என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை. டோக்கனை நானே மாற்றி மாற்றிக் கொடுத்தேன், அவர் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அந்த அம்மா கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தெரியும், ஆனால் அப்போது உடம்பில் அதற்கும் தெம்பில்லை.

"காலையில ஆறு மணிக்கு நான் இப்படித்தான் இருப்பேன் மேடம். நீங்க பார்க்கிற நேரத்துக்குச் சரியாயிடுது. போன தடவை அதைப் பார்த்துத்தான் முப்பது போட்டாங்க. அதான் ஆறு மணிக்கு இருக்கிற மாதிரி உங்களுக்குக் காட்டணும்னு உட்கார்ந்திருந்தேன்" என்றேன், இந்தியில், தட்டுத்தடுமாறி.

தொலைந்தோம், கேம்பெல் பேதான் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு யார் உங்களுக்கு உடுத்திவிடுகிறார்கள் என்று அந்த அம்மா கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். எழுதிக்கொண்டார். சாப்பாடு, குளியல், படி ஏறுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பழைய எக்ஸ்ரேயையும் புதுசையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். என்னை வெளியே உட்காராமல் நடந்துகொண்டிருக்கச் சொன்னார்.

அரை மணியில் அட்டெண்டர் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். என்னோடு கோபம் போலிருக்கிறது, கை குலுக்கவில்லை. நான் கிளார்க். எந்தத் தாளையும் முதல் வரியிலிருந்துதான் படிப்பேன். பெயரில் எழுத்துப் பிழை இல்லை, வயசு சரி, விலாசம் சரி. சதவீதம் நாற்பத்தைந்து. படித்ததும் அங்கேயே ஒரு ஆட்டம் போட்டிருப்பேன், கால் சம்மதித்திருந்தால். கப்பல் இல்லை, கேம்பெல் பே இல்லை. ராத்திரி வீட்டுக்காரருக்குப் பிடித்த வஞ்சிரம் வறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன்.

அடுத்த வரியில் இந்த நிலைமை குணமாக வாய்ப்பு உண்டு, இல்லை என்று அச்சடித்திருந்தது. 'இல்லை' என்பதில் டிக். அதற்குக் கீழே, மறு பரிசோதனை தேவையில்லை.

பெரிய டிக் இல்லை. நீலப் பேனாவால் போட்ட சின்ன டிக். நான் எத்தனையோ பாரத்தில் இப்படிப் போட்டிருக்கிறேன். வீட்டில் என் பீரோவில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் இருக்கிறது. கணு வீங்கிய பிறகு கையில் ஏறாமல், சரியானதும் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தது. போன பொங்கலுக்கும் அதே அளவில்தான் புதுசாக ஒரு டஜன் வாங்கினேன். நோயாளி என்று நிரூபிக்க அவ்வளவு பாடுபட்டேனே, அதை நானே நம்பவில்லை என்று அந்த வராந்தாவில்தான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே அழுதேன்.

அவ்வளவுதான், கூட்டம் சேர்ந்துவிட்டது. டோக்கன் மாற்றிக்கொண்டவர்களில் மருந்துக்காக நின்றவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். போனால் போகட்டும், அடுத்த தடவை கட்டாயம் கிடைக்கும் என்றார் ஒருவர். வாழைப்பழம் கொடுத்த அம்மா என் தலையைத் தடவினாள். இப்படிப்பட்ட மனுஷிக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பார்கள் என்று பெங்காலிக்காரி செருப்பைச் சரி செய்துகொண்டு போர்டு ரூமைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அவள் குரலோடு உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நொண்டிக்கொண்டே பின்னால் போய் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். கிடைத்துவிட்டது, நாற்பத்தைந்து கிடைத்துவிட்டது என்று அழுதுகொண்டே தாளைக் காட்டினேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் எதற்கு அழுகிறாய் என்று கேட்டாள்.

"டீக் நஹீ ஹோகா, லிக்கா ஹை" என்றேன். சரியாகாது என்று எழுதியிருக்கிறது.

அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். குரலைத் தணித்து, முதல் தடவையாக, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"தும்கோ மாலூம் நஹீ தா, தீதி?" இது உனக்குத் தெரியாமலா இருந்தது?

தெரியாது என்றேன். பதினொரு வருஷமாக மருந்து சாப்பிடுகிறவள் சொல்கிற பதிலா அது? ஆனால் அதுதான் உண்மை.