முகாரியில் ஒரு வீட்டுப்பாடம்

எனக்குச் சங்கீதம் வராது என்று யாரும் சொன்னதில்லை. வந்ததுதான் வினையாகப் போனது.

எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து மாத்தளை டவுனுக்குப் பஸ் ஏறிப் போய்ப் படித்த பிள்ளைகளில், பத்தாம் வகுப்பில் சங்கீதத்தைப் பாடமாக எடுத்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் சித்திரம் எடுத்தார்கள். புத்திசாலிகள். சித்திரம் வரைவது பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் நீளமாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளின் வரிசை. காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரை எட்டாது. முதல் காம்பிராவில் பிள்ளை தும்மினால் கடைசிக் காம்பிராவிலிருந்து 'நூறு' என்பார்கள். அதனால் நான் காலையில் சாதகம் செய்தால் லயமே கேட்டது. "ஆடு கத்துதும்மா, புல்லு அள்ளிப் போடுங்க" என்பான் அண்ணன்.

அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் பக்கத்துப் பையன்கள் பலரைப் போல அவனிடமும் அடையாள அட்டை இல்லை. விண்ணப்பம் எந்தக் கந்தோர் மேசையில் கிடந்ததோ. யுத்த காலம். ஆமிக்காரர்களின் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று முதலாளி சொல்லியனுப்பினார். அம்மா அவன் படத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக, ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினாள். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எல்லா இடத்திலும் சிங்களத்தில் ஒரே பதில் சொன்னார்கள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒப்பாரி என்றால் அவள்தான். எந்த லயத்தில் இழவு விழுந்தாலும் அவளுக்கு ஆள் வரும். அவள் முதல் அடியை எடுத்தால்தான் மற்றவர்களுக்கு அழுகையே வரும். அண்ணன் காணாமல் போனபின் அவள் இழவு வீட்டில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டாள். போவாள், பின்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருப்பாள். மகன் எங்கே என்று தெரியாதவள் ஒப்பாரி வைத்தால் அது மகன் மேலே போய் விழும். இது எல்லாருக்கும் தெரிந்தது, அதனால் யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தப் பள்ளித் தவணையில் சங்கீத டீச்சர் எங்களுக்கு நாலு வரி கொடுத்தார். மழை பொய்த்த மண்ணைப் பற்றிய பாட்டு. லக்கல பக்கத்தில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவன் புலம்புவது போல இருக்கும். அதற்குச் சொந்தமாக மெட்டுப் போட்டு, சுரம் எழுதி, வகுப்பில் பாடிக் காட்ட வேண்டும். ஒரு வாரம் முட்டிப் பார்த்தேன். எதைப் பாடினாலும் எவருடையதோ பாட்டாகவே வந்தது. பிறகு ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது மெட்டு முழுசாக வந்தது. கொப்பியில் சுரம் எழுதிப் பார்த்தால் முகாரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஒரு பெரிய ஆள் என்று நினைத்தேன்.

அது யாருடைய மெட்டு என்று அப்போது தெரியாது என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன். பாதி தெரியும்.

அடுத்த நாள் சனிக்கிழமை. அம்மா ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போயிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டுத் தொடையில் தாளம் போட்டுப் பாடினேன். வரிகள் மனப்பாடம் ஆகாததால் வார்த்தையே இல்லாமல் வெறும் 'ஆ' என்று இழுத்தேன். மூன்றாம் தரம் பாடும்போது கதவு திறந்தது. பக்கத்துக் காம்பிரா அக்கா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, சேதி வந்துருச்சா?"

"என்ன சேதிங்கக்கா?" என்று கேட்பதற்குள் அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். "இல்லீங்க, இது பாடம்" என்றேன். எவருக்கும் கேட்கவில்லை. மேல் லயத்துக்காரர்களும் ஓடி வந்தார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா குறுக்குப் பாதையில் இறங்கி வந்தாள்.

தன் வாசலில் பெண்கள் கூடி நின்று அழுவதைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. கையிலிருந்த வாளி வாசலோர வடிகானுக்குள் உருண்டது.

"நான் பெத்த ராசாவே" என்று எடுத்தாள்.

என் மெட்டு. சுரம் பிசகாமல் அதே மெட்டு. கொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி ஓடினேன்.

"அம்மா, ஒன்னும் இல்லம்மா. சேதி ஒன்னும் வரல. நான்தாம்மா பாடினேன். ஸ்கூல் பாடம்."

அவளுக்கு விளங்க நேரமெடுத்தது. எழுத்துத் தெரியாதவள் அந்தக் கொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூந்தலை முடிந்துகொண்டு போனார்கள். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. நாலு அறை கொடுத்திருக்கலாம்.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பொழுது சாயும்போது அம்மா சொன்னாள்: "நான் வாயத் தொறந்துட்டேன்டி."

"அது சும்மா பாட்டும்மா."

"நீ பாடினது பாட்டு. நான் அழுதது அவனுக்கு."

வகுப்பில் வேறொரு மெட்டை மோகனத்தில் பாடினேன். சுத்தமாக இருக்கிறது, உயிர்தான் இல்லை என்றார் டீச்சர். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் சங்கீதத்துக்கு நல்ல புள்ளியோடு திறமைச் சித்தி கிடைத்தது. அதோடு மெட்டுப் போடுவதை விட்டேன்.

அண்ணன் வரவில்லை. காணாமல் போனவர்களுக்கு என்று கொடுத்த படிவங்களையெல்லாம் நிரப்பினோம். அம்மா ஒரு கோயில் பாக்கியில்லாமல் நேர்ந்துகொண்டாள். அவனைப் பிடித்தவர்களை அவள் ஒரு நாளும் சபித்ததில்லை, என்னையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒரு அடி ஒப்பாரியால் தானே மகனின் வழியை அடைத்துவிட்டதாகக் கடைசிவரை நம்பினாள். எனக்கு அவள் மீதே கோபம் வரும். கோபத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

யுத்தம் முடிந்த வருடம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"அண்ணன் வந்தான்னா, அன்னிக்கு நான் அழுதத அவன்கிட்ட சொல்லிராத."

"சொல்ல மாட்டேம்மா" என்றேன்.