பெயர் மாறாத வண்டி

போன வருஷம் ஆடி மாதத்தில் குன்னத்தூர் பக்கம் ஒரு பழைய க்ரூஸர் பைக் பார்க்கப் போனேன். யாரோ ஆசை ஆசையாக மாற்றிக் கட்டிய வண்டி. தாழ்ந்த சீட், நெஞ்சு உயரத்துக்கு ஹேண்டில்பார், கறுப்பு டேங்கில் கையால் வரைந்த மயிலிறகு. நான் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவள். நாற்பது தாண்டிய பிறகு வந்த ஆசை இது. கூடவே வந்த என் கணவர், "ஆர்சி புக்க மொதல்ல பாரு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

விற்கிறவர் கோழிப்பண்ணைக்காரர். ஆர்சி வேறொருவர் பெயரில் இருப்பதாகவும், கையெழுத்து வாங்கித் தந்துவிடுவதாகவும் சொன்னார். அந்த ஆள் யார் என்றதற்குத் தெரிந்தவர்தான் என்றதோடு நிறுத்திக்கொண்டார். எனக்குள் என்னவோ உறுத்தியது. ஆனாலும் கணவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன். பின்னால் ஒரு மொபெட் விடாமல் ஹாரன் அடித்தது. வழிவிட்டேன், முந்தவில்லை. பயந்துபோய் ஆட்கள் இருந்த ஒரு பேக்கரி முன் நிறுத்தினேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி வந்து, வண்டிச் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அம்மிணி, இது என்ற வண்டிங்க. உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

திருட்டு வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இன்னும் வாங்கவில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்று நான் சொன்னது எனக்கே பொய்போல் கேட்டது. கணவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

பெரியவர் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். ஹெல்மெட் இல்லை, சிக்னல் மீறல் என்று வரிசையாக அபராதக் குறுஞ்செய்திகள். மூன்று வருஷம் முன்பு ஒரு தரகர் மூலம் வண்டியை விற்றிருக்கிறார். வாங்கியவர் பெயரை மாற்றவேயில்லை. தரகரும் போனை எடுப்பதில்லையாம்.

"வண்டிய யார் மேலயாச்சும் உட்டுட்டாங்கன்னா போலீசு என்ற ஊட்டுக்குத்தானுங்க வரும். மெசேஜ் சத்தம் கேட்டா அன்னிக்கித் தூக்கமே இல்லைங்க," என்றார்.

நடந்ததை நான் சொன்னதும், விற்கிறவரிடம் கூட்டிப்போகச் சொல்லிச் சாவியைத் தந்தார். நான் முன்னால் போக, மொபெட்டில் ஒட்டியபடியே பின்தொடர்ந்தார். அவர் யார் என்று நான் சொன்னதும் கோழிப்பண்ணைக்காரர் தலைகுனிந்தார். ஆர்சியிலிருந்த ஆளைத் தேடிப் போனால் அபராதத்தையெல்லாம் தன் தலையில் கட்டுவார் என்று பயந்து சும்மா இருந்துவிட்டாராம்.

கிளம்பிவிடலாம் என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய மனிதர் எதிரிலேயே நிற்கிறார். அபராதத்தைக் கோழிப்பண்ணைக்காரர் கட்டட்டும், திங்கட்கிழமை இருவரும் ஆர்டிஓ ஆபீசுக்கு வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

இருவரும் வந்தார்கள். மாற்றிப் போட்ட அந்த ஹேண்டில்பாரோடு பெயர் மாற்ற முடியாது என்று ஆபீசில் சொன்னபோது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வண்டியை மாற்றிக் கட்டியபோது தான் கழற்றிய பழைய பார் தன் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது என்றார் பெரியவர். மறுநாளே மொபெட்டில் கட்டிக் கொண்டுவந்தார்.

அதன் பிறகு ஐந்து வாரம், ஆர்சி வந்துவிட்டதா என்று தினமும் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வரும். ஆர்சி வந்த அன்று நானே கூப்பிட்டுச் சொன்னேன். வண்டி எண்ணை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"உங்க பேரு தெளிவா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

பிறகு, மழையில் பின்சக்கரம் வழுக்கும், பார்த்து ஓட்டுங்கள் என்றார்.