ஆள் வருது

எங்கள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இல்லாத மரியாதை பைக்கு உண்டு. ஜன்னல் வழியாக ஒரு பையையோ துண்டையோ சீட்டில் போட்டுவிட்டால் போதும், எவனும் தொடமாட்டான். கர்ப்பிணி நின்றாலும் எழுந்திருக்காத ஜனம் அழுக்குத் துண்டுக்கு ஒதுங்கி நிற்கும். "ஆள் வருது" என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

எனக்கு விழுப்புரத்தில் வேலை. கூட்டேரிப்பட்டில் ஏறும் ஆபீஸ் நண்பனுக்காகத் தினமும் பக்கத்து சீட்டில் என் சாப்பாட்டுப் பையை வைப்பேன். அன்று அமாவாசை. பாதி பஸ்ஸை மேல்மலையனூர் கோயிலுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். எங்கள் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஏறினாள். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகிப் பத்து நாளாம். தையல் போட்ட இடம் கசிகிறதாம், விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு உடனே வரச் சொன்னார்களாம். பையை எடுங்கள் என்றாள். கூட்டேரிப்பட்டில் ஆள் வருது என்றேன். கூட்டேரிப்பட்டு வரைக்குமாவது உட்காரட்டும் என்று கெஞ்சினாள். உட்கார்ந்த ஆள் எழுந்திருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியாதா? முடியாது என்றேன்.

"படிச்சவங்கன்னா இப்படித்தான் இருப்பாங்க போல," என்றாள், பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

கூட்டேரிப்பட்டில் நண்பன் ஏறவில்லை. போன் வந்தது, இன்று லீவாம். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே பையை எடுத்திருக்கலாம். எடுத்தால் அவளிடம் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. அவன் போனை வைத்த பிறகும் காதிலிருந்து எடுக்காமல், "சரி சரி, விக்கிரவாண்டியில ஏறிக்கோ," என்றேன். சீ, என்ன ஜென்மம் நான்!

விக்கிரவாண்டியிலும் யாரும் வரவில்லை. அவர் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பிரேக்குக்கும் கண்ணை மூடினார். கண்டக்டர்கூட என்னை ஒன்றும் கேட்கவில்லை, பைதான் இருக்கிறதே. மற்றவர்கள் மட்டும் யோக்கியமா? என்னை முணுமுணுவென்று திட்டிக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழவில்லை.

விழுப்புரத்தில் எல்லோரும் இறங்க முண்டியடித்தார்கள். அவர் சட்டையின் அடிப்பக்கம் சிவப்பாக நனைந்திருந்தது. அவள் அவரைத் தாங்கிக்கொண்டு, நான் பையை எடுக்கும்வரை காத்திருந்தாள். இந்த முறை குரலை உயர்த்தவில்லை.

"பாத்து எறக்குங்க சார். பைக்கு எங்கனா அடிபட்டுடப் போவுது."